கேட்காத கடன், வாங்காத பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கடன் அட்டையின் வட்டிக் கணக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. தாங்கள் வாங்காத பொருளுக்கு வந்த பில்லைப் பற்றியும், தாங்கள் கேட்காத கடனுக்கு வீடு தேடி வந்த வசூல் ஆள்களைப் பற்றியுமே கேட்டிருந்தன. எழுதியவர்கள் எல்லோரும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர்கள். வேலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். எழுதியவர்களில் இருவர் இன்னும் வீட்டிலேயே விஷயத்தைச் சொல்லவில்லையாம்.

*

கேள்வி: ஐயா, லுங்கி வியாபாரம் செய்கிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவர் நல்ல தமிழில் அழைத்தார். என் பெயரையும் கடன் அட்டையின் முதல் ஆறு எண்களையும் அவரே சொன்னார். சேர்ந்திருக்கும் பரிசுப் புள்ளிகள் அன்றிரவோடு காலாவதியாகிவிடும் என்றதால், மீதி எண்களையும், பின்புறத்திலுள்ள மூன்று எண்களையும், பிறகு வந்த ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டேன். உடனே 29,400 ரூபாய் போயிற்று. வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இரவு, ஓ.டி.பி. எதுவும் வராமலேயே ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் மேலும் 18,250 ரூபாய் செலவாகியிருந்தது. புதன்கிழமைதான் கிளைக்குச் சென்றேன். “நீங்களே எண்ணைச் சொன்னீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்கிறார்கள். என் பணம் அவ்வளவுதானா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: கிளையில் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு வருவதற்கு முன், உங்களை நம்பவைத்த அந்த ஆறு எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்துக் கடைக்காரர் அதே வங்கியின் அதே வகை அட்டையை வைத்திருந்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் ஆறு எண்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவை உங்களைக் குறிப்பவை அல்ல, அட்டை எந்த நிறுவனத்தினுடையது, எந்த வங்கி கொடுத்தது என்பதைக் குறிப்பவை. நான்கில் தொடங்கினால் விசா, ஐந்தில் தொடங்கினால் பெரும்பாலும் மாஸ்டர்கார்டு. கடைசி நான்கு எண்களோ நீங்கள் அட்டையைத் தேய்த்த ஒவ்வொரு கடையின் ரசீதிலும் அச்சாகின்றன. ஆகப் பதினாறில் பத்து எண்கள் ரகசியமே அல்ல. அழைத்தவருக்கு உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் வங்கியும் மட்டுமே தெரிந்திருந்தன. எஞ்சியதையெல்லாம் உங்களிடமிருந்தே வாங்கிக்கொண்டார். முன்பெல்லாம் இப்படி அழைப்பவர்கள் உடைந்த இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள், நம் ஊர்க்காரர்கள் பாதியிலேயே வைத்துவிடுவார்கள். இப்போது நம் பேச்சிலேயே பேசுகிறார்கள் என்பதுதான் புதிது.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஓ.டி.பி. வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்தால், இப்போது நிதானமாகப் படியுங்கள். எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ, இன்ன கடையில் இவ்வளவு ரூபாய்ச் செலவுக்கு என்று எழுதியிருக்கும். பரிசு வரவு வைப்பதற்காக வந்ததாக நீங்கள் நினைத்த செய்தியிலேயே 29,400 ரூபாய்ப் பற்று என்று இருந்திருக்க வேண்டும். நாமெல்லாம் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் தேடிப் படித்துப் பழகிவிட்டோம்.

இனி விதிக்கு வருவோம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. தவறு வங்கியினுடையது என்றால், நீங்கள் வங்கிக்குத் தகவல் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் இடையில் வேறெங்கோ நடந்திருந்தால், பணம் போனது பற்றி வங்கியின் செய்தி கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணி மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் முழுப் பணமும் திரும்பும். நான்கிலிருந்து ஏழு வேலை நாள்களுக்குள் சொன்னால், 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட வரம்புக்கு 25,000 ரூபாயும் உங்கள் தலையில் விழும். ஏழு நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழு வகுத்த கொள்கைப்படி. ஆனால் ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால், அவர் வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையது. தகவல் கொடுத்த நொடிக்குப் பிறகு ஏற்படுவது வங்கியினுடையது.

உங்கள் கணக்கை இந்த விதியின்மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவே அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இருபத்து நான்கு மணி நேர எண்ணை அழைத்து அட்டையை முடக்கியிருந்தால், திங்கட்கிழமைச் செலவு நடந்திருக்கவே வழியில்லை. நடந்திருந்தாலும் அந்த 18,250 ரூபாய் வங்கியின் பாடு. முதல் தொகையைத் திருடன் கொண்டுபோனான் என்றால், இரண்டாவது தொகையை உங்கள் வெட்கம் கொண்டுபோயிற்று. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கவுண்டரில் இருந்த காலத்தில், ஏமாந்த அன்றே வந்தவர்களைவிட நான்காம் நாள், ஐந்தாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் இருந்தார்கள், தணிக்கையாளர் ஒருவரும் இருந்தார்.

ஆனாலும் கை கழுவிவிடாதீர்கள். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவாக இருந்தாலும்கூட, வங்கி விரும்பினால் அவருடைய பொறுப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்ற பிரிவும் அதில் இருக்கிறது. கிளையில் வாய்மொழியாகக் கிடைத்த பதிலோடு நிற்காமல், இரண்டு பரிவர்த்தனைகளையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். ஓ.டி.பி. இல்லாமல் நடந்த வெளிநாட்டுச் செலவுக்குத் தனியாக ஆட்சேபப் படிவம் உண்டு. அதைக் கேட்டு நிரப்புங்கள். வெள்ளிக்கிழமைத் தொகை எந்தக் கடையின் பெயரில் போயிருக்கிறது என்று ஸ்டேட்மெண்டில் பாருங்கள். இத்தகைய பணம் பெரும்பாலும் பரிசு வவுச்சராகவோ வேறொரு கணக்குக்கான மாற்றமாகவோ போகும்.

1930 என்ற எண்ணை இனியாவது அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தோடு இணைந்த எண் அது. அங்கே பதிவாகும் புகார் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும், அங்கிருந்து மாறிய அடுத்த வங்கிக்கும் கணினி வழியாகவே செல்லும். பணம் எங்கே நிற்கிறதோ அங்கே அதை நிறுத்திவைப்பார்கள். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பலன் அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்: பணம் ஏதோ ஓர் ஊரின் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிட்டால், நிறுத்திவைக்க அங்கே எதுவும் இருக்காது. உங்கள் விஷயத்தில் நாள் கடந்துவிட்டதால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் அந்த ஒப்புகை எண் இல்லாமல் வங்கியோடு வாதாடுவது கஷ்டம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான உதவி எண் 14448. வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

*

கேள்வி: வேலூரில் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறோம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் ஆதார் நகல் வாங்கி வைப்பது வழக்கம். மூன்று ஆண்டு நகல்கள் மூட்டையாகச் சேர்ந்துவிட்டதால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். அது பெரிய தவறு என்று என் மைத்துனர் சொல்கிறார். அப்படியா?
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது சரி, அம்மா. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே வேர்க்கடலை வாங்கினேன். கடலையைத் தின்று முடித்துப் பொட்டலத்தாளைப் பிரித்தால், உள்ளே ஓர் அம்மையாரின் முகம் என்னைப் பார்த்தது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பன்னிரண்டு இலக்க எண் எல்லாம் எண்ணெய்க் கறைக்கு நடுவிலும் தெளிவாகத் தெரிந்தன. கீழே அவரே நீல மையில் ஒரு கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தத் தாள் எங்கிருந்து புறப்பட்டதென்று எனக்குத் தெரியாது. லாட்ஜாகவும் இருக்கலாம், சிம் கார்டு விற்ற கடையாகவும் இருக்கலாம். கையெழுத்தோடு கூடிய ஆதார் நகல் ஒன்று கிடைத்தால், ஏதாவது ஒரு முகவரின் துணையோடு ஒரு சிம் கார்டையோ சிறு கடனையோ அந்தப் பெயரில் வாங்கிவிட முயல்வதற்கு அதுவே போதும். உங்கள் மூட்டையில் எத்தனை நூறு பேர் இருந்தார்களோ!

ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்று நாடு முழுவதும் முழங்குகிறோம். கண்ட இடத்தில் நகல் கொடுக்காதே என்று சொல்பவர்கள் குறைவு. என் கணிப்பில், நம் ஊரில் அடையாளத் திருட்டு கைப்பேசியில் தொடங்குவதைவிட ஜெராக்ஸ் கடையில் தொடங்குவதே அதிகம்.

தங்குபவர் யார் என்று தெரிந்துகொள்வது உங்கள் கடமை, அதில் மாற்றமில்லை. அதற்கு முழு ஆதார் நகல்தான் வேண்டும் என்பதில்லை. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை யார் வேண்டுமானாலும் ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். வருபவர்களிடம் அதையோ வாக்காளர் அட்டையையோ கேளுங்கள். அசலைப் பார்த்துப் பதிவேட்டில் விவரத்தை எழுதிக்கொண்டு, அவரிடமே திருப்பிக் கொடுங்கள். நகல் வாங்கியே ஆக வேண்டிய இடத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் கிழித்தோ கொளுத்தியோ அழியுங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் உங்கள் கணக்காளரிடம் கேட்டுவையுங்கள்; நகல்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்க்கும் லாட்ஜ்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நகலைக் கொடுக்கும்போது எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்பதைத் தாளின் மூலையில் எழுதினால் பயனில்லை, ஓரத்தை வெட்டிவிட்டால் போயிற்று. புகைப்படத்தின்மேலும் எண்ணின்மேலும் படும்படி குறுக்காக எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்தால், அவர்கள் கைப்பேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் அது நீக்கப்படுவதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

*

கேள்வி: நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். மகளின் படிப்புக்காகக் கடன் கேட்கப் போன இடத்தில், என் பெயரில் ஏற்கெனவே 86,000 ரூபாய் தனிநபர் கடன் கட்டப்படாமல் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அப்படி ஒரு கடனை நான் வாங்கவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளிர் குழுக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி எங்கள் தெருவுக்கு வந்த ஒருவரிடம் ஆதார், பான் நகல்களும் புகைப்படமும் கொடுத்தோம். அவர் பிறகு வரவில்லை. இப்போது ஒருவர் போன் செய்து, 20,000 ரூபாய் கட்டினால் கணக்கை முடித்துக் கொடுப்பதாகச் சொல்கிறார். கட்டிவிடலாமா?
— வாசகி, ஆம்பூர்

பதில்: கட்டக் கூடாது, அம்மா. ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. நீங்கள் வாங்காத கடனில் ஒரு தவணை கட்டினாலும், கடன் உங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள். பேரம் பேசி முடித்தாலோ, உங்கள் கடன் அறிக்கையில் முழுதும் தீர்க்கப்பட்டது என்று வராமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அடுத்த முறை மகளுக்காகப் போய் நிற்கும்போது அந்தச் சொல்லே உங்களுக்கு எதிராக நிற்கும். அழைத்தவர் உண்மையான வசூல் முகவர்தானா என்பதும் தெரியாது. உண்மையானவராகவே இருந்தாலும், காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனை மறுக்கிறேன், எழுத்தில் புகார் கொடுக்கப்போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

முதல் வேலை, உங்கள் கடன் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பது. எல்லோரும் சிபில் என்று ஒரே பெயரில் சொன்னாலும், யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிவுசெய்து இந்த அறிக்கையைத் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாத கடன் மற்றொன்றில் இருக்கலாம். மதிப்பெண்ணை விட்டுவிட்டு மூன்று இடங்களைக் கவனியுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் கடன் தொடங்கிய தேதியும் ஓரிடத்தில் இருக்கும். உங்கள் கடன் விவரத்தை யார் யார் எப்போது கேட்டார்கள் என்ற பட்டியல் இன்னோரிடத்தில் இருக்கும். நீங்கள் படியேறாத நிறுவனங்களின் பெயர்கள் அதில் இருந்தால், அங்கெல்லாம் உங்கள் பெயரில் விண்ணப்பம் போயிருக்கிறது என்று பொருள். மூன்றாவது, முகவரியும் கைப்பேசி எண்ணும் உள்ள பகுதி. பெரும்பாலோர் இதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஆனால் திருடன் தன் கைரேகையை விட்டுச்செல்வது இங்கேதான், ஓ.டி.பி. தனக்கு வர வேண்டும் என்பதற்காக அவன் கொடுத்த எண் உங்கள் பெயரின்கீழ் பதிவாகியிருக்கும். அந்தப் பக்கத்தைத் தனியாக அச்செடுத்து வையுங்கள், காவல் நிலையத்தில் அதுதான் பேசும்.

பிறகு, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். கடன் நிறுவனத்திடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: விண்ணப்பத்தின் நகல், அதில் ஒட்டிய அல்லது எடுத்த புகைப்படம், பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் விவரம், ஒப்புதல் ஓ.டி.பி. போன கைப்பேசி எண். கடன் தொகை உங்கள் கணக்குக்கு வரவே இல்லை என்பதை உங்கள் பாஸ்புத்தகமே சொல்லும். அந்த மாதங்களின் பக்கங்களை இணைத்து அனுப்புங்கள். முறையீடு செய்த 30 நாள்களுக்குள் அறிக்கை திருத்தப்படாவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொகை சிறியதுதான், ஆனால் கடிதத்தில் அந்த விதியை ஒரு வரி குறிப்பிட்டால், கோப்பு நகரும் வேகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காவல்துறைப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்பதால், வேலூருக்கு வந்து அலையாமல் உங்கள் மாவட்டத்தின் சைபர் குற்றப் பிரிவை அணுகுங்கள். 2019-இல் மாவட்டம் மூன்றானது பலருக்கு இன்னும் மனத்தில் பதியவில்லை. வேலூர் வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பிறர் அடையாளத்தைப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்கு 66-டி. புகார் கொடுத்த ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். உங்கள் தெருவில் அன்று நகல் கொடுத்த மற்ற பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பெயரிலும் கடன் இருக்கலாம், அவர்களுக்கு இன்னும் தெரியாமலிருக்கலாம். தனியாகப் போகும் ஒரு பெண்ணின் காகிதம் மேசையில் காத்திருக்கும். ஏழு பேர் சேர்ந்து போனால் எழுந்து பேசுவார்கள்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவித்துத் துண்டிக்கச் செய்யுங்கள். ஓராண்டுக்காவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையைப் பாருங்கள். நான்கு நிறுவனங்களின் இலவச அறிக்கைகளையும் ஒரே நாளில் எடுக்காமல் காலாண்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டால் செலவே இல்லை. ஆனால் இது அடுத்த ஆண்டிலிருந்து, இந்த ஆண்டு நான்கையும் இப்போதே எடுத்தாக வேண்டும்.

*

கேள்வி: நான் ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். பத்திரப் பதிவுக்காக வைத்த விரல்ரேகையைக் கொண்டே வங்கியில் பணம் எடுத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஓ.டி.பி.கூட வேண்டாமா?
— வாசகர், கம்மவான்பேட்டை

பதில்: வேண்டாம், ஐயா. கிராமங்களில் சிறு இயந்திரத்தில் விரலை வைத்துப் பணம் எடுக்கிறார்களே, அந்த ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் ரேகையும் போதும். பத்திர நகல்களிலிருந்து ரேகையைப் பிரதியெடுத்து ரப்பர் போன்ற பொருளில் வார்த்துப் பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. எம்-ஆதார் செயலியிலோ ஆணையத்தின் தளத்திலோ உங்கள் விரல்ரேகையையும் கருவிழிப் பதிவையும் பூட்டிவிடலாம். தேவைப்படும்போது சில நிமிடங்களுக்கு நீங்களே திறந்துகொள்ளலாம். நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்கப் போகுமுன் திறக்க மறந்துவிடாதீர்கள். ரேகை பொருந்தவில்லை என்று சொல்லி உங்களை இரண்டு முறை அலையவிடுவார்கள், இயந்திரத்தின்மேல் தவறிருக்காது. கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் அதே தளத்தில் இருக்கிறது, உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1947.

*

கேள்வி: தட்டினாலே பணம் போகும் அட்டை வைத்திருக்கிறேன். நெரிசலான பேருந்தில் யாராவது இயந்திரத்தைப் பையோடு ஒட்டிப் பணம் எடுத்துவிட முடியுமா? அதற்கென்று ஓர் அலுமினிய உறை விற்கிறார்கள், வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: அட்டையும் இயந்திரமும் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும், தவிர, அந்த இயந்திரம் ஒரு வங்கிக் கணக்கோடு இணைந்தது என்பதால் எடுத்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டை தொலைவதுதான் உண்மையான ஆபத்து. 2021 ஜனவரி முதல், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் தட்டலாம். கீழே விழுந்த அட்டையை எடுத்தவர் நான்கு கடைகளில் நான்கு முறை தட்டிவிடுவார். உறைக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தி, வங்கிச் செயலியைத் திறவுங்கள். தட்டும் வசதி, இணையச் செலவு, வெளிநாட்டுச் செலவு ஆகிய மூன்றையும் தனித்தனியாக அணைக்கவும் வரம்பு வைக்கவும் 2020 அக்டோபர் முதல் எல்லா வங்கிகளும் வசதி செய்திருக்கின்றன. குடியாத்தத்துக்காரரின் இரண்டாவது தொகை வெளிநாட்டுப் பொத்தான் திறந்தே கிடந்ததால் போனது. நீங்கள் வெளிநாட்டில் எதுவும் வாங்காதவர் என்றால் அதை இன்றே அணைத்துவிடுங்கள்.

*

கேள்வி: பெரியப்பா மகனின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் திருமணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. திறந்தேன், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் என் எண்ணிலிருந்து எல்லோருக்கும் அதே பத்திரிகை போயிருக்கிறது. பணம் எதுவும் போகவில்லை. விட்டுவிடலாமா?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: விடக் கூடாது. பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், உங்களுக்கு வந்த கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்திருக்கும், அது ஒரு செயலி. குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை அது வாங்கியிருந்தால், நீங்கள் யாரிடமும் சொல்லாமலேயே உங்கள் ஓ.டி.பி. வேறோர் ஊரில் படிக்கப்படும். முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து அட்டையையும் இணையவழி வங்கிச் சேவையையும் தற்காலிகமாக முடக்கச் சொல்லுங்கள், பிறகு 1930. படங்களைப் பத்திரப்படுத்திவிட்டுக் கைப்பேசியை முழுதும் அழித்துப் புதிதாக அமைப்பதே பாதுகாப்பு. செயலியை மட்டும் நீக்கினால் போதும் என்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். கடவுச்சொற்களையும் யு.பி.ஐ. பின் எண்ணையும் அதற்குப் பிறகே மாற்றுங்கள். நோயுள்ள கைப்பேசியில் வைத்து மாற்றினால் புதியதையும் அது படித்துவிடும். உறவினர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லுங்கள். இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

*

கேள்வி: நான் விண்ணப்பிக்காத கடன் அட்டை ஒன்று கூரியரில் வந்தது. பயன்படுத்தாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டால் போதுமல்லவா?
— வாசகி, ஆரணி

பதில்: போதாது. பிளாஸ்டிக்கைத்தான் வெட்டுவீர்கள், உங்கள் பெயரில் உள்ள கணக்கு அப்படியே இருக்கும். 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கேட்காத அட்டையைக் கொடுப்பதற்கே தடை இருக்கிறது. அட்டை 30 நாள்களுக்குமேல் இயக்கப்படாமல் இருந்தால் உங்களிடம் ஓ.டி.பி. வழியாக ஒப்புதல் கேட்க வேண்டும். நீங்கள் ஒப்பாவிட்டால் ஏழு வேலை நாள்களுக்குள் கணக்கைக் கட்டணமின்றி மூட வேண்டும். அந்தச் சமயத்தில் அட்டையை ரத்து செய்வதற்காக என்று சொல்லி யாராவது அந்த ஓ.டி.பி.யைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது அட்டையை உயிர்ப்பிக்கும் எண். ஒப்புதலில்லாமல் இயக்கிக் கட்டணம் போட்டால், கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல இரு மடங்கு அபராதமும் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

உங்கள் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் அந்த வங்கிக்கு எப்படிக் கிடைத்தன என்பது தனிக் கேள்வி. அதையும் கடிதத்தில் கேளுங்கள், ஆம்பூர் வாசகிக்குச் சொன்னபடி கடன் அறிக்கையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அட்டையை மூடும்படி மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லாத நிலையில் ஏழு வேலை நாள்களுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குச் சேரும். கணக்கு மூடப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு கத்தரிக்கோலை எடுங்கள். வெட்டும்போது அட்டையில் பதித்திருக்கும் சிப்பின் குறுக்காக வெட்டுங்கள்.